அடுப்பருகே ஒரு பிடி: மிசோரம் பெண்களின் அரிசிக் காணிக்கை

பெண்ணுக்கும் நண்டுக்கும் சமயம் கிடையாது என்று பொருள்படும் சொலவடை ஒன்று பழைய லுஷாய் மலைகளில் வழங்கியது. இன்றைய மிசோரமே அந்த மலைகள். சொலவடையில் ஏளனம் இருந்தது. கூடவே ஒரு சமூக விதியும் இருந்தது. மணமாகும் வரை பெண் தந்தை வீட்டின் வழிபாட்டுக்குள் இருந்தாள். மணமான பின் கணவன் வீட்டின் வழிபாட்டுக்குள் சென்றாள். தனக்கென்று ஒரு சமயத்தைக் கொண்டிருக்கவோ, தன் கையால் ஒரு பலியை இடவோ அவளுக்கு இடமில்லை.

அந்தச் சொலவடை புழங்கிய மண்ணில், 1910-ஆம் ஆண்டை ஒட்டி, கிறிஸ்தவப் பெண்கள் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்கினர். உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும், வீட்டாருக்கென அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனியே வைத்தனர். அதன் பெயர் ‘புஹ்ஃபாய் தம்’. ‘புஹ்ஃபாய்’ என்பது குத்திப் புடைத்து உமி நீக்கிய அரிசி. ‘தம்’ என்பது ஒரு கை அள்ளும் அளவு. தமிழில் நேராகச் சொன்னால் ‘பிடியரிசி’. நூறு ஆண்டுகளைக் கடந்தும் அந்த வழக்கம் நிற்கவில்லை. இன்று அது ஆண்டுதோறும் பல கோடி ரூபாயாகித் திருச்சபையின் பணிகளைத் தாங்குகிறது.

கிறிஸ்தவ விசுவாசத்தை அன்றாட வாழ்வில் எவ்வாறு வாழ்ந்து காட்டுவது என்ற கேள்விக்கு அறிவுரை நூல்கள் ஏராளமான விடைகளைத் தருகின்றன. ஜெபம், மறைநூல் வாசிப்பு, அயலாருக்கு உதவி என அவை பட்டியலாக அமைகின்றன. மிசோ பெண்களின் விடை பட்டியலாக அமையவில்லை. அது ஒற்றைச் செயல். ஒரு நாளில் இருமுறை நிகழ்வது. சொல் எதுவும் வேண்டாதது. அந்தச் செயல் ஏன் அரிசியைத் தேர்ந்தது, அது எதற்கு மாற்றாக நின்றது, அதைச் செய்தவர்களுக்கு அது எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்பவை வரலாற்றுக் கேள்விகள்.

முதலில் அரிசி. மிசோ வாழ்வில் அரிசி வெறும் உணவன்று. மறுமையின் சித்திரமும் அதுவே. பழைய நம்பிக்கையின்படி இறந்தோர் செல்லும் உலகங்கள் இரண்டு. பெரும்பாலோர் செல்வது ‘மித்தி குவா’ எனும் இறந்தோர் ஊர்; அங்கும் உழைப்பு உண்டு. சிறந்தோர் செல்வது ‘பியால்ரால்’. அங்கே உழைப்பில்லை, குத்தாமலும் புடைக்காமலும் ஆயத்தமான அரிசி உணவாகக் கிடைக்கும். அங்கே நுழையும் தகுதியின் பெயர் ‘தங்சுவா’. வரிசையாகப் பெருவிருந்துகளை ஊருக்கு அளித்தோ, குறிப்பிட்ட விலங்குகளை வேட்டையாடியோ ஓர் ஆண் அத்தகுதியை அடைந்தான். மனைவிக்கு அந்த வாயில் திறந்தால், அது கணவன் வழியே திறந்தது.

அந்தச் சொர்க்கத்தைக் கற்பனை செய்த சமூகத்தில் அரிசியைக் குத்தியவர்கள் யார் என்பது கவனத்திற்குரியது. காட்டை வெட்டி எரித்து விதைக்கும் மலைச் சாகுபடியில் ஆணும் பெண்ணும் உழைத்தனர். ஆனால் விளைந்த நெல் வீடு வந்த பின் அது முழுவதும் பெண்ணின் பொறுப்பு. விடியுமுன் எழுந்து உரலில் குத்துவது, முறத்தில் புடைப்பது, மலைச்சரிவில் இறங்கி மூங்கில் குழாய்களில் நீர் நிரப்பிக் கூடையில் சுமந்து ஏறுவது, விறகு கொணர்வது, உலை வைப்பது ஆகிய யாவும் அவளுடையவை. பியால்ராலின் பேரின்பம் என்று ஆண்கள் பேசியது, நடைமுறையில், பெண்களின் அதிகாலை உழைப்பு இல்லாமலே சோறு கிடைக்கும் நிலை. அந்த உழைப்பைச் செய்தவளுக்கு அந்த இன்பத்தின் மீது சொந்த உரிமை இல்லை.

அரிசிக்கு இன்னொரு முகமும் இருந்தது. பசி வந்தால் மக்கள் எங்கே சென்றனர்? தலைவன் வீட்டுக்கு. மிசோ ஊர்களை ‘லால்’ எனப்பட்ட தலைவர்கள் ஆண்டனர். விதவைகள், அநாதைகள், பஞ்சத்தில் நொடிந்தோர் தலைவனின் வீட்டில் அடைக்கலம் புகுந்தனர். அவர்களுக்கு அங்கே சோறு கிடைத்தது. அதற்கு ஈடாக அவர்களும் அவர்தம் வழியினரும் தலைவனுக்கு உழைக்கக் கடமைப்பட்டனர். மீள வேண்டுமெனில் ஒரு மிதுன் மாடோ, பிற்காலத்தில் அதற்கு ஈடான நாற்பது ரூபாயோ கொடுக்க வேண்டும். இத்தகையோரைக் குறித்த மிசோச் சொல் ஒலிப்பில் ‘பொய்’ என்பதை ஒத்தது. தமிழ்ச் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை.

அந்தச் சொல்லை எப்படி மொழிபெயர்ப்பது என்பதே காலனியக் காலத்தின் பெரும் வழக்காயிற்று. 1908-இல் வேல்ஸ் நாட்டு மிஷன் மருத்துவராக அய்சால் வந்த பீட்டர் ஃப்ரேசர் அதை ‘அடிமை’ என்று மொழிபெயர்த்தார். ஆங்கிலேய நிர்வாகமோ அது அடிமைமுறை ஆகாது, ஆதரவற்றோரைக் காக்கும் உள்ளூர் ஏற்பாடு என்று வாதிட்டது. ‘அடிமை’ என ஏற்றால் பேரரசின் சட்டம் அதை ஒழித்தாக வேண்டும். ‘அடைக்கலம்’ என ஏற்றால் தலைவர்களின் ஒத்துழைப்பு நிலைக்கும். ஒரு சொல்லின் பொருளில் மனிதர்களின் விடுதலை தொங்கியது. கிறிஸ்துவை ஏற்ற ஒருவர் இன்னொரு மனிதரை உடைமையாகக் கொள்ள முடியாது என்பது ஃப்ரேசரின் நிலைப்பாடு. நிர்வாகம் அவரை இவ்விஷயத்தில் தலையிடாதிருக்கப் பணித்தது, அவர் இணங்கவில்லை, இறுதியில் அம்மலைகளை விட்டு நீங்க நேர்ந்தது. அவருடைய மிஷனும் அவருக்குத் துணை நிற்கவில்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் அம்முறை படிப்படியாக மறைந்தது.

பிடியரிசி வழக்கம் இந்த வழக்கு கொதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வேர்கொண்டது என்பதை வரலாற்று நூல்கள் பொதுவாகச் சேர்த்துப் பார்ப்பதில்லை. ஒன்று சட்ட வரலாற்றிலும் மற்றொன்று திருச்சபை வரலாற்றிலும் தனித்தனி இயல்களாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆனால் இரண்டின் மையத்திலும் இருப்பது ஒரே கேள்வி: சோறு தருபவருக்கும் பெறுபவருக்கும் இடையே எத்தகைய உறவு உண்டாகிறது?

அக்கேள்வியின் பின்புலத்தை அறியத் திருச்சபை அம்மலைகளுக்கு வந்த விதத்தைச் சுருக்கமாக நோக்க வேண்டும். 1894-ஆம் ஆண்டு ஜனவரி 11 அன்று ஜே. எச். லோரெய்ன், எஃப். டபிள்யூ. சாவிட்ஜ் என்ற இரு ஆங்கிலேய மிஷனரிகள் அங்கு வந்தனர். நான்கு ஆண்டுகளுக்குள் அவர்கள் மிசோ மொழிக்கு ரோமன் எழுத்துமுறையை அமைத்து, இலக்கணமும் அகராதியும் தொகுத்து, நற்செய்தி நூல்களின் சில பகுதிகளையும் பெயர்த்தனர். 1897-இல் வேல்ஸ் மிஷனைச் சேர்ந்த டி. ஈ. ஜோன்ஸ் வந்தார். முதல் திருமுழுக்குகள் 1899-இல் நிகழ்ந்தன. 1906-இல் காசி மலையின் மைராங் நகரில் நடந்த திருச்சபைக் கூட்டத்திற்கு நடந்தே சென்று திரும்பிய மிசோ விசுவாசிகளின் வழியே எழுப்புதல் அலை ஒன்று அய்சாலை அடைந்தது. விசுவாசிகளின் எண்ணிக்கை பெருகிற்று. அதற்கேற்ப ஊர்தோறும் ஊழியர்கள் தேவைப்பட்டனர். வேல்ஸ் மிஷனின் நிதி அளவானது. உள்ளூர்த் திருச்சபை தன் ஊழியரைத் தானே தாங்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

தாங்குவது எதைக்கொண்டு? அன்றைய மிசோ வீடுகளில் நாணயம் அரிது. கால்நடை ஆணின் உடைமை. நெல்லின் களஞ்சியமும் ஆணின் பெயரில் இருந்தது. பெண்ணின் கட்டுப்பாட்டில் எஞ்சியிருந்தது களஞ்சியத்திற்கும் பானைக்கும் இடைப்பட்ட சிறிய வெளி மட்டுமே. குத்திய அரிசி உலையில் விழுவதற்கு முன் அவள் கையில் இருக்கும் அந்தச் சில நொடிகள் அவளுடையவை. புஹ்ஃபாய் தம் அந்த நொடிகளில் பிறந்தது. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாத ஒரே பொருளைக்கொண்டு, எவரும் கவனிக்காத ஒரே தருணத்தில், அவள் தன் காணிக்கையை இட்டாள்.

வழக்கத்தின் இயங்குமுறை எளிது. அடுப்பருகே ஒரு தனிப் பாத்திரம் இருக்கும். காலையும் மாலையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அதில் விழும். வாரத்தின் குறித்த நாளில் அவ்வட்டாரப் பெண்கள் முறைவைத்து வீடு வீடாகச் சென்று சேர்ப்பர். பல வீட்டு அரிசி ஒரே கொள்கலத்தில் கலக்கும். தொடக்க நாட்களில் அது ஊழியர்களுக்கு நேரடி உணவாயிற்று. பின்னர் அதை விற்று, பணமாக்கி, கணக்கெழுதித் தலைமைத் திருச்சபைக்கு அனுப்பினர். பிரஸ்பிட்டேரியன் திருச்சபையோடு தென்பகுதியின் பாப்டிஸ்ட் திருச்சபையிலும் இவ்வழக்கம் நிலைபெற்றது.

சிறிய அளவின் பெருக்கத்தை ஒரு மனக்கணக்கு காட்டும். ஒரு பிடி 50 கிராம் என்று கொண்டால், இருவேளைக்கு 100 கிராம். ஓர் ஆண்டில் 36 கிலோவுக்கு மேல். நூறு வீடுகள் உள்ள ஊரில் அது மூன்றரை டன்னைத் தாண்டும். ஒரு வேளைச் சோற்றில் எவர் வயிற்றுக்கும் குறை தெரியாது. ஓர் ஊரின் ஊழியருக்கோ அது ஆண்டு முழுமைக்குமான ஊதியமாகும்.

இந்தியப் பரப்பில் பிடியரிசி புதிதன்று. வங்காளத்தில் ‘முஷ்டி பிட்சை’ துறவியருக்கும் மடங்களுக்கும் உரியதாயிருந்து, சுதேசி இயக்கக் காலத்தில் தேசியப் பணிகளுக்கான நிதி திரட்டலாக மாறியது. பிகாரில் ‘முட்டியா’ என்ற பெயரில் ஒத்துழையாமை இயக்கக் காலத்துத் தேசியப் பள்ளிகளுக்கு அரிசி சேர்ந்தது. தமிழ் வீடுகளிலும் அறச்செயலுக்கென அரிசிப் பானையிலிருந்து ஒரு பிடி எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு; ‘பிடியரிசி’ என்ற சொல்லே அதன் சான்று. ஒரே உள்ளங்கை அளவு இத்தனை மொழிகளில் ஈகையின் அலகாகியிருப்பது தற்செயலாக இருக்க முடியாது. அரிசி உண்ணும் நாட்டில் மிகச் சிறிய, மிகப் பொதுவான, எவராலும் தரக்கூடிய நாணயம் அதுவே.

எனினும் மிசோ வழக்கத்தில் ஒரு வேறுபாடு உண்டு. முஷ்டி பிட்சையில் வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார்; வீட்டுப்பெண் தருகிறாள்; கேட்பவரும் கொடுப்பவரும் வேறுவேறு நிலையினர். மிசோரத்தில் வாசலுக்கு வருபவள் பக்கத்து வீட்டுப் பெண். அவள் வீட்டு அடுப்பருகிலும் அதே பாத்திரம் உண்டு. சென்ற வாரம் அவள் தந்தாள், அடுத்த முறை அவளிடம் பெறுபவள் இவள். கேட்பவளும் கொடுப்பவளும் ஒரே நிலையினர். கொள்கலத்தில் கலந்த பின் எந்த மணி எந்த வீட்டுடையது என்று பிரித்தறிய வழியில்லை.

வழக்கம் வேர்விடத் தொடங்கிய ஓரிரு ஆண்டுகளில் ‘மௌத்தம்’ வந்தது. மலைகளை மூடியிருக்கும் ஒருவகை மூங்கில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்த்து மடியும். அக்காய்களை உண்டு பெருகும் எலிகள், காய்கள் தீர்ந்ததும் வயல்களை நோக்கித் திரும்பும். 1911-12-இல் அவை விளைச்சலை அழித்தன. மக்கள் காட்டுக்கிழங்கைத் தோண்டி உண்டு உயிர் பிழைத்தனர். அரசு அரிசியைத் தருவித்துக் கடனாக வழங்கியது.

அப்பஞ்சக் காலத்தில் மூவகை அரிசி அம்மலைகளில் ஒருங்கே இருந்தன. தலைவன் வீட்டு அரிசி. அதை உண்டவர் உழைப்பால் கட்டுண்டார், அவர் பிள்ளைகளும் கட்டுண்டனர். அரசின் அரிசி, அதை உண்டவர் கடன்பட்டார், கணக்கேட்டில் அவர் பெயர் ஏறியது. மூன்றாவது, பெண்களின் பிடியரிசி. அதை உண்டவர் எவருக்குக் கடன்பட்டார் என்று சொல்ல முடியாது. கொடுத்தவரின் பெயர் கொள்கலத்திலேயே கரைந்துவிட்டது. முதல் அரிசி எசமானை உண்டாக்கியது. இரண்டாவது கடன்காரரை உண்டாக்கியது. மூன்றாவது இரண்டையும் உண்டாக்கவில்லை.

பிடியரிசி பஞ்சத்தைத் தீர்க்கவுமில்லை, தலைவர்களின் பிடியிலிருந்தோரை மீட்கவுமில்லை. அவ்வாறு உரிமை கோருவது மிகை. ஆனால் சோறு தருவது ஆளும் உரிமையைத் தரும் என்ற பழைய சமன்பாட்டுக்கு வெளியே ஒரு கொடை சாத்தியம் என்பதை அது நாள்தோறும் செய்து காட்டியது. ஃப்ரேசர் வாதத்தால் சொன்னதை இப்பெண்கள் வேறொரு தளத்தில் பழக்கமாக்கினர். அவருடைய எதிர்ப்பு ஆவணக் காப்பகங்களில் கோப்புகளாக உள்ளது. இவர்களுடையது உண்டு தீர்ந்தது.

இச்செயலின் சமயப் பொருளைத் திருச்சபையினர் விவிலியத்தின் இரு விதவைகளோடு சேர்த்து உணர்வது இயல்பு. ஒருத்தி, தன்னிடம் எஞ்சிய கைப்பிடி மாவிலிருந்து எலியாவுக்கு முதலில் அடை சுட்டுத் தந்த சாறிபாத் ஊரினள். மற்றவள், காணிக்கைப் பெட்டியில் இரு சிறு காசுகளை இட்டவள். இரு கதைகளிலும் கொடை மிச்சத்திலிருந்து வருவதில்லை, தேவையிலிருந்து வருகிறது. புஹ்ஃபாய் தம்மின் விதியும் அதுவே. உண்ட பின் எஞ்சியதைத் தருவது அதில் இல்லை. உலை வைக்குமுன் எடுக்க வேண்டும். அதாவது, இன்று போதுமா என்று தெரியுமுன் எடுக்க வேண்டும். விசுவாசம் என்ற சொல்லுக்கு அகராதிகள் தரும் எந்த விளக்கத்தைவிடவும் இந்த முன்பின் வரிசை தெளிவானது.

மிசோ மரபில் இதற்கு ஒரு பழைய நிலமும் இருந்தது. ‘த்லோம்ங்காய்னா’ என்ற சொல்லை மிசோ மக்கள் பிறமொழியில் பெயர்க்க முடியாதது என்பர். தன்னலம் கருதாமை, பிறர் கேட்குமுன் உதவுதல், துன்பத்தைச் சொல்லிக் காட்டாமை, தன்னைப் பின்னிறுத்துதல் ஆகியவை அதனுள் அடங்கும். ஊரில் மரணம் நேர்ந்தால் குழி தோண்டுவதும், நோயாளியைச் சுமந்து மலை கடப்பதும், காணாமற்போனவரைத் தேடிக் காடு புகுவதும் அதன் அடையாளங்கள். 1935-இல் தொடங்கி, பின்னர் இளம் மிசோ சங்கம் எனப் பெயர் பெற்ற அமைப்பு இப்பண்பை நிறுவன வடிவில் காத்தது. ஆனால் இக்கதைகளின் நாயகர்கள் பெரும்பாலும் இளைஞர்கள்: வேட்டைக்காரன், போர்வீரன், சுமை தூக்குபவன். பெண்ணின் தன்னலமின்மை கடமையாகக் கொள்ளப்பட்டதால் அதற்குப் பெருமைப் பெயர் கிட்டவில்லை. பிடியரிசி அந்த மரபை அடுப்பங்கரைக்குக் கொண்டு வந்தது. அங்கே நிகழ்ந்த தன்னலமின்மைக்கு முதன்முறையாக ஒரு பெயரும் அளவும் கணக்கும் உண்டாயின.

1959-இல் மௌத்தம் மீண்டது. நிர்வாகத்தின் மெத்தனம் பெருங்கோபத்தை விளைவித்தது. பஞ்ச நிவாரணத்திற்கென எழுந்த அமைப்பு 1961-இல் மிசோ தேசிய முன்னணியாக உருமாறியது. 1966 மார்ச்சில் கிளர்ச்சி வெடித்தது. அய்சால் மீது வான்வழித் தாக்குதல் நடந்தது. அடுத்த ஆண்டிலிருந்து மலையூர்களின் மக்கள் தம் வீடுகளை விட்டுப் பெயர்க்கப்பட்டு, படைக்காவலில் அமைந்த தொகுப்பூர்களில் குடியேற்றப்பட்டனர். வயலும் களஞ்சியமும் எட்டாத தூரத்தில் கிடக்க, அரிசி பங்கீட்டுப் பொருளாயிற்று. 1986-இல் அமைதி ஒப்பந்தமும் 1987-இல் மாநிலத் தகுதியும் வரும் வரையிலான அந்த இருபது ஆண்டுகளைக் கடந்தும் பிடியரிசி நிலைத்தது. கட்டடமோ மேடையோ வேண்டாத வழக்கமாதலால் இடம்பெயர்ந்த வீட்டோடு அதுவும் இடம்பெயர முடிந்தது.

அதன் இன்றைய நிலை மாறியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மிசோரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 10.97 இலட்சம், அவர்களில் 87 விழுக்காட்டினர் கிறிஸ்தவர், எழுத்தறிவு 91 விழுக்காட்டுக்கும் மேல். மாநிலம் தன் தேவைக்கான அரிசி முழுவதையும் விளைவிப்பதில்லை. பெரும்பகுதி சமவெளியிலிருந்து லாரிகளில் மலையேறி வருகிறது. உரல் மறைந்தது, எரிவாயு அடுப்பு வந்தது, பெண்கள் அலுவலகம் செல்கின்றனர். நகரக் குடும்பங்கள் சில அரிசிக்கு ஈடாகப் பணம் தருகின்றன. சமைப்பவர் ஆணாயின் அவர் பிடி எடுப்பதும் குழந்தைகள் எடுக்கப் பழகுவதும் உண்டு. தன் ஊழியரைத் தாங்கத் தொடங்கிய காணிக்கை இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் பணியாற்றும் மிசோ ஊழியர்களையும் தாங்குகிறது. மிஷனரிகளைப் பெற்ற நிலம் மிஷனரிகளை அனுப்பும் நிலமானதற்கு அடுப்பருகேயுள்ள அந்தப் பாத்திரம் முக்கியக் காரணம்.

இத்தனையும் சொன்ன பின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அதைத் தவிர்த்தால் இவ்வரலாறு வெறும் புகழுரையாகிவிடும். திருச்சபையைத் தாங்கும் கைகளுக்குத் திருச்சபையில் என்ன இடம்? பிரஸ்பிட்டேரியன் திருச்சபையில் பெண்களுக்கு ஆயர் திருநிலைப்பாடு நெடுங்காலமாக மறுக்கப்பட்டே வந்துள்ளது. இறையியல் பட்டம் பெற்ற பெண்கள் உண்டு, கற்பிக்கிறார்கள், எழுதுகிறார்கள், ஆனால் அப்பமும் இரசமும் பகிரும் மேசையை அவர்கள் நடத்த முடியாது. வீட்டின் மேசைக்கு வரும் அரிசியில் ஒரு பிடியைத் திருச்சபைக்குத் தருபவளுக்குத் திருச்சபையின் மேசையில் நிற்க உரிமையில்லை. நிதியின் ஒரு முக்கியப் பகுதியைப் பெண்கள் திரட்டுகின்றனர். அதைப் பங்கிடும் அவைகளில் ஆண்கள் அமர்கின்றனர்.

திருச்சபைக்கு வெளியிலும் இதே இழுபறி நிகழ்ந்தது. 1974-இல் உருவான மிசோ பெண்கள் கூட்டமைப்பு, மரபுச் சட்டத்தில் பெண்ணுக்கு மணமுறிவின்போதும் மரபுரிமையிலும் நேர்ந்த அநீதிகளை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் போராடிற்று. 2014-இல்தான் திருமணம், மணமுறிவு, சொத்துரிமை குறித்த மிசோ சட்டம் மாநிலப் பேரவையில் நிறைவேறியது. மணமானபின் சேர்த்த சொத்தில் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்ற எளிய கருத்து சட்ட வடிவம் பெற இத்தனை காலம் பிடித்தது. நாள்தோறும் பொதுநலனுக்கெனப் பங்கிட்டுக் கொடுத்தவள், தன் பங்கைப் பெறச் சட்டமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் இருவகை வாசிப்புகள் எதிரெதிரே நிற்கின்றன. முதலாவது வாசிப்பு, பிடியரிசியைப் பெண்களின் விடுதலை வரலாற்றின் தொடக்கமாகக் காண்கிறது: கணக்கெழுதவும் கூட்டம் நடத்தவும் ஊர் கடந்து தொடர்பு கொள்ளவும் பெண்கள் பயின்ற களம் அதுவே. இரண்டாவது வாசிப்பு, பெண்ணின் தியாகத்தைப் புனிதமாக்கி அவளை அடுப்பங்கரையிலேயே நிறுத்திய ஏற்பாடாக அதைக் காண்கிறது: தியாகத்தைப் போற்றும் நிறுவனம் அதிகாரத்தைப் பகிர வேண்டியதில்லை. இரண்டுக்கும் சான்றுகள் உள்ளன. ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் தள்ளுவது எளிது. ஆனால் வரலாறு இரண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்திருக்கிறது.

சொலவடைக்குத் திரும்பினால் இதன் முழு எடை விளங்கும். சமயம் என்பதைப் பழைய மிசோ சமூகம் பலியிடும் உரிமையாக வரையறுத்தது. பெண்ணுக்கு அவ்வுரிமை இல்லையாதலால் அவளுக்குச் சமயமில்லை என்றது. புதிய திருச்சபை பலிகளை ஒழித்தது. ஆனால் சமயத்தைப் பிரசங்கம் செய்யும் உரிமையாகவும் திருவிருந்து நடத்தும் உரிமையாகவும் மறுவரையறை செய்தபோது, பெண் மீண்டும் வரையறைக்கு வெளியே நின்றாள். இருமுறை வெளியே நிறுத்தப்பட்டவள், எவர் வரையறைக்கும் காத்திராமல், நாள்தோறும் இருவேளை ஒரு காணிக்கையை இட்டு வந்தாள். பழைய சமயத்தில் குத்திய அரிசி ஆணின் மறுமைப் பரிசு. புதிய சமயத்தில் அதே குத்திய அரிசி அவளுடைய அன்றாடக் கொடை. சொல் ஒன்றே, அதைக் கையில் வைத்திருப்பவர் மாறினார்.

விசுவாசத்தின் வரலாற்றைக் கோட்பாடுகளின் வழியும் மாநாடுகளின் வழியும் எழுதுவோர்க்கு இதில் ஓர் ஆய்வுமுறைப் பாடம் உண்டு. மிஷனரிகளின் கடிதங்கள் அபெரிஸ்ட்வித்திலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் அட்டைப் பெட்டிகளில் காக்கப்படுகின்றன. ஃப்ரேசரின் வழக்குக் கோப்புகளாக நிற்கிறது. பிடியரிசி விட்டுச் சென்ற ஆவணமோ ஊர்தோறும் இருக்கும் கணக்கேடுகள். அவற்றில் எடையும் தொகையும் உள்ளன, அள்ளிய கைகளின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. பெயரின்மையே அக்கொடையின் அறம் என்று முன்னர் கண்டோம். அதே பெயரின்மை, யார் முடிவெடுப்பது என்ற கேள்வி எழும்போது, அவர்களுக்கு எதிரான வாதமாகவும் திரும்புகிறது. கொடுப்பதில் பெயர் வேண்டாம் என்பது கொடுப்பவளின் தேர்வாக இருந்தால் அது அருள். அவளுக்குப் பெயரே தேவையில்லை என்று பெறுபவர் முடிவு செய்தால் அது வேறு.

மிசோ திருச்சபைகள் இன்று எதிர்கொள்வது இந்த வேறுபாட்டைத்தான். இன்று மாலையும் அய்சாலின் மலைச்சரிவு வீடுகளில் உலை கொதிக்குமுன் ஒரு பிடி தனிப் பாத்திரத்தில் விழும். அதை ஏற்கும் நிறுவனம் எப்போது அக்கையையும் ஏற்கும் என்பது அதன் விசுவாசம் எவ்வளவு அன்றாட வாழ்வுக்குரியது என்பதற்கான அளவாக இருக்கும்.